பட்டறை கேள்வி-பதில்: பழைய ஸ்கோப்பில் சப்ளை செத்தால் எங்கே தொடங்குவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளும் கல்லூரி லேப்களும் கழித்துவிட்ட பழைய ஸ்கோப் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்), பெஞ்ச் சப்ளை (வோல்டேஜைத் திருகி வைத்துக்கொள்ளும் மேசை பவர் சப்ளை), சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் நம் ஆட்களின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, வந்த கையோடு பவர் சப்ளையில் படுத்தும் விட்டன. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், கிருஷ்ணகிரியில் டிவி, யூபிஎஸ் சர்வீஸ் செய்கிறேன். பழைய இரும்புக் கடையில் ஒரு இரண்டு சேனல் அனலாக் ஸ்கோப் எடுத்தேன். ஒரு மாதம் அருமையாக ஓடியது. ஒருநாள் ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, கோடு வரவில்லை. ஃபியூஸ் போகவில்லை, புகை இல்லை, வாசனையும் இல்லை. போர்டில் +55, +15, +5, −8 என்று அச்சடித்திருக்கும் இடங்களில் அளந்தேன். +15 மட்டும் 0.4 வோல்ட், மற்றதெல்லாம் சரி. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், ரீவைண்டிங் கொடு என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கொடுக்காதீர்கள். பழைய கருவியின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி ரீவைண்டிங் ஆளிடம் கொடுத்தால் திரும்ப வரும்போது எந்த வைண்டிங் எத்தனை வோல்ட் என்பதே மாறி வரும். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று ரயில் (+55, +15 என்று போர்டுக்குப் போகும் ஒவ்வொரு சப்ளை வழியும் ஒரு ரயில்) நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருக்கிறது, ஃபியூஸும் போகவில்லை. அப்படியென்றால் அந்த ரயிலின் ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் பகுதி) தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது. வெளியே எங்கோ ஷார்ட், அதனால் கரன்ட் லிமிட்டுக்குப் போய்ச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. சப்ளை செத்ததா, சப்ளையைக் கீழே இழுக்கும் சுமை வேறு எங்காவது இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது. ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றியதும் அந்த அவசரம்தான். காசு போனால் பரவாயில்லை, போர்டின் அந்த டிராக்கை (செம்புத் தடத்தை) இனி சூடு பண்ணாதீர்கள், பழைய போர்டில் சீக்கிரம் பெயர்ந்து வந்துவிடும்.

பிரிப்பது எளிது. +15க்குப் போகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரின் மேல் டிசி அளந்து பாருங்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் அந்த இடத்தில் இருபதுக்கு மேல் வோல்ட் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் டயோடு, ஃபில்டர் மூன்றும் பாஸ். ரீவைண்டிங் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கெப்பாசிட்டர்கள் இறங்கட்டும். சிஆர்டி (படக்குழாய்) பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், கருவியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும், அங்கே கை வைக்கவே வேண்டாம், உங்களுக்கு அங்கே வேலையும் இல்லை. இப்போது +15 பாயின்டில் இருந்து கிரவுண்டுக்கு ஓம் பாருங்கள். ஒன்று, இரண்டு ஓம் அல்லது அதற்கும் கீழே வந்தால் நேரடி ஷார்ட். பீப் மோடில் பார்க்காதீர்கள், நல்ல ரயிலுக்கே சில மீட்டர் பீப் அடிக்கும். பழைய கருவியில் +5 ரயில் நல்ல நிலையிலேயே சில பத்து ஓம்தான் காட்டும். சுழியமும் இல்லாமல் ஐந்து பத்து ஓம் என்று ஒரு நடுவாந்தரமான எண் வந்தால், ஷார்ட் ஒரு சின்ன ஃபீடிங் ரெசிஸ்டருக்கு அப்புறம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ரெசிஸ்டரின் நிறப் பட்டைகள் கருத்திருக்கும், தேடினால் கண்ணிலேயே பட்டுவிடும்.

யார் ஷார்ட்? பந்தயம் கட்டச் சொன்னால் டான்டலம் கெப்பாசிட்டரின் மேல் கட்டுவேன். போர்டு முழுக்க ஆங்காங்கே சொட்டு வடிவத்தில், நீலமாகவோ மஞ்சளாகவோ பாசிமணி அளவில் நிற்குமே, அதுதான். சாதாரண எலக்ட்ரோலிடிக் வயதானால் காய்ந்து மதிப்புக் குறையும். டான்டலம் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். கரன்ட் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அது எரிந்து கருகும், ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். உங்கள் ரயிலில் ரெகுலேட்டர் கரன்டைக் கட்டிப் போட்டிருப்பதால் எரியவும் முடியாமல், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், புதுசு மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. புகையும் வாசனையும் வராததற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரு ரயிலில் இருபது டான்டலம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுவதா? வேண்டாம். பெஞ்ச் சப்ளை ஒன்றில் கரன்டை 1 ஆம்பியருக்கு லிமிட் செய்து, வோல்டேஜை அரை வோல்ட் அளவுக்கு மேல் ஏறாதபடி அடக்கி, ஸ்கோப் அணைந்த நிலையில் +15 பாயின்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள். அவ்வளவு குறைந்த வோல்டேஜில் சிலிக்கான் ஜங்ஷன் எதுவும் கடத்தாது, ஐசிக்கு ஆபத்தில்லை, கரன்ட் முழுவதும் அந்த ஷார்ட்டை நோக்கித்தான் ஓடும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து ஒவ்வொரு டான்டலத்தின் இரு காலுக்கும் நடுவே அளந்துகொண்டே போங்கள். ஒன்றில் 62 மில்லிவோல்ட், அடுத்ததில் 50, அப்புறம் 41, 38 என்று இறங்கும், அதைத் தாண்டிப் போனால் இன்னும் இறங்காமல் 38லேயோ கொஞ்சம் மேலேயோ நிற்கும். கரன்ட் அதற்கு அப்பால் போகவில்லை, எண் இறங்குவது நின்றுவிட்டது. முதன்முதலில் அந்த அடிமட்ட எண்ணைக் காட்டிய கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. ஒரு காலை மட்டும் தூக்கி ஓம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெஞ்ச் சப்ளை இல்லாதவர்கள் ஒரு பெரிய டார்ச் செல்லோடு 1.5 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு, சில நொடி கொடுத்து, அளந்து, எடுத்துவிட்டு, மறுபடி கொடுத்துப் பார்க்கலாம், எண்கள் கொஞ்சம் ஆடும், ஆனால் திசை காட்டும்.

மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டான்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ இருக்கும் கால் பாசிட்டிவ், எலக்ட்ரோலிடிக்கில் கோடு போட்ட கால் நெகட்டிவ். பழக்கதோஷத்தில் கோட்டுக்குக் கோடு பார்த்துப் போட்டுவிட்டு, புதுசே வெடித்தது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. 15 வோல்ட் ரயிலுக்கு 35 வோல்ட் டான்டலம் போடுங்கள், 20 வோல்ட் வேண்டாம். சில கருவிகளில் மூலத்திலேயே அந்த அளவு நெருக்கமாகப் போட்டிருப்பார்கள், அதுவும் இவை சாவதற்கு ஒரு காரணம். 105 டிகிரி எலக்ட்ரோலிடிக் போட்டாலும் சப்ளை ரயிலில் தாராளமாக ஓடும்.

ரயில் எழுந்ததும் கோடு வரும். உடனே மூடிவிடாமல் எல்லா ரயிலிலும் ஏசி மில்லிவோல்ட் பாருங்கள், இன்னொரு ஸ்கோப் கிடைத்தால் அதிலேயே பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஃபுல்வேவ் ரெக்டிஃபையருக்குப் பிறகு ரிப்பிள் 100 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துவிட்டது, அல்லது சால்டர் விட்டிருக்கிறது. கடைசியாக, அந்த +55க்குப் பக்கத்தில் இருக்கும் பிரீசெட் என்ற சின்னத் திருகை ஸ்குரூ டிரைவரால் தொடவே தொடாதீர்கள். பல ஸ்கோப்களில் மற்ற ரயில்கள் ஒரு ரயிலைப் பார்த்துத்தான் நிற்கும், டைம்பேஸ், வெர்டிகல் காலிப்ரேஷன் எல்லாம் அதன் மேல் கட்டியது. 55.1 இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் 0-30 வோல்ட், 2 ஆம்பியர் பழைய பெஞ்ச் சப்ளை இருக்கிறது. திடீரென்று நாப் எங்கே இருந்தாலும் 41 வோல்ட் வருகிறது. தெரியாமல் 12 வோல்ட் போர்டு ஒன்றை மாட்டி அது போய்விட்டது. உள்ளே 723 ரெகுலேட்டர் ஐசியும் இரண்டு 2என்3055 பவர் டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. இரண்டையும் மாற்றிவிடலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: ஒரு வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாற்றலாம். 2என்3055களின் பேஸுக்கு வரும் வயரை எடுத்துவிட்டு, அவுட்புட்டில் ஒரு சின்ன லோடு போட்டு (24 வோல்ட் லாரி இண்டிகேட்டர் பல்பு இரண்டை வரிசையில் போட்டால் போதும்) ஆன் செய்யுங்கள். அப்போதும் 41 வந்தால் டிரான்சிஸ்டர் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட், ஐயமே இல்லை. வோல்டேஜ் விழுந்துவிட்டால் டிரான்சிஸ்டர்கள் நல்லவை, யாரோ அவற்றை முழுதாகத் திறந்துவைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வகையில் எல்லோரும் ஐசியைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முன்பக்க நாப்பைச் சந்தேகிப்பேன். நாப்புக்குப் பின்னால் இருக்கும் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) நடுக்கால் உள்ளே தொடர்பு விட்டால் ரெகுலேட்டருக்கு அவுட்புட் எவ்வளவு என்றே தெரியாது, போதவில்லை என்று நினைத்து மேலே ஏற்றிக்கொண்டே போகும். தினம் நூறு தடவை திருகும் சாமான், முதலில் தேய்வது அதுதானே. ஓம் மீட்டரை நடுக்காலில் வைத்து மெதுவாகத் திருகினால் எண் ஏறும்போது நடுவில் எங்காவது ஓவர்லோடு என்று குதிக்கும். அப்புறம் 723: பதினான்கு கால் வகையில் 6ஆம் கால் ரெஃபரன்ஸ், 7ஆம் காலோடு ஒப்பிட்டு அளந்தால் 7.15 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வந்தால் மட்டும் ஐசி நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வரவில்லை, 12ஆம் காலில் சப்ளை இருக்கிறது என்றால் ஐசி காலி. இந்த ஐசிக்கு உச்சவரம்பு 40 வோல்ட். உங்கள் கருவியில் அன்ரெகுலேட்டட் சப்ளை நேரடியாக அதற்குப் போகிறதென்றால், ராத்திரி லோடு குறைந்து லைன் 250ஐத் தொடும்போது அது விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது.

டிரான்சிஸ்டர்தான் ஷார்ட் என்று தெரிந்தால் இரண்டையும், அவற்றை ஓட்டும் டிரைவரையும் சேர்த்துப் பாருங்கள், எமிட்டரில் இருக்கும் சின்ன ஓம் வயர்வுண்டு ரெசிஸ்டர்களையும் விடாதீர்கள். அதில் ஒன்று திறந்திருந்தால் ஒரு டிரான்சிஸ்டரே மொத்தப் பாரத்தையும் சுமந்திருக்கும், புதுசு போட்டாலும் அதே கதி. 2என்3055இன் உடம்பே கலெக்டர். மைக்கா ஷீட், ஹீட் சிங்க் பேஸ்ட், ஸ்குரூவுக்கான பிளாஸ்டிக் புஷ் மூன்றும் சரியாகப் பூட்டி, உடம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று ஓம் பார்த்துவிட்டுத்தான் பிளக் சொருக வேண்டும். சரி செய்த பிறகும் ஒரு வாரத்துக்குப் பல்பை மட்டும் ஓட்டுங்கள், கஸ்டமர் போர்டை மாட்டாதீர்கள்.

கேள்வி: அரூரில் ஒரு பாலிடெக்னிக் மூடியபோது வாங்கிய வெளிநாட்டு சிக்னல் ஜெனரேட்டர். பத்து நிமிடம் ஓடியதும் டப் என்று சத்தம், அறை முழுக்கப் புகை, மீன் கருகியது போல நாற்றம். ஆனால் கருவி இன்னும் வேலை செய்கிறது! அப்படியே விட்டுவிடலாமா?
(வாசகர், அரூர்)

பதில்: விடாதீர்கள், ஆனால் பயப்படவும் வேண்டாம். பவர் கார்டு நுழையும் இடத்திலேயே லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு சின்னப் பெட்டி, தேன் நிற எபாக்ஸி, மேலே தலைமுடி போல் விரிசல்கள், இப்போது ஒரு பக்கம் பிளந்து பிசுபிசுவென்று இருக்கும். குறுக்கீட்டைத் தடுக்கப் போட்ட பேப்பர் கெப்பாசிட்டர். விரிசல் வழியாக வருஷக்கணக்கில் ஈரம் உறிஞ்சி, 230 வோல்ட் கிடைத்ததும் வெந்துவிட்டது. அது இல்லாமலும் கருவி ஓடும், அதனால்தான் ஓடுகிறது. எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி பிளாஸ்டிக் ஃபிலிம் வகையைப் போடுங்கள். 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரணக் கெப்பாசிட்டர் இந்த இடத்துக்கு ஆகாது, அது ஷார்ட் ஆனால் நெருப்பு. அதே ஜாதி இன்னும் இரண்டு, லைனில் இருந்து சேஸிஸுக்கு (உலோக உடம்புக்கு) போகும். அங்கே ஒய் வகைதான் போட வேண்டும், எர்த் வயர் விட்டுப்போன பிளக்கில் ஷாக் அடிக்காமல் இருப்பது அதை நம்பித்தான். வெளிநாட்டுக் கருவியாயிற்றே, வாங்கியதும் பின்பக்க வோல்டேஜ் செலக்டர் நம் 230க்கு வைத்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கேள்வி: டிஜிட்டல் கவுன்டர், எப்போதும் ஆனிலேயே இருக்கும். ஒரு கரன்ட் கட்டுக்கு அப்புறம் கிளம்பவில்லை, உள்ளே டிக் டிக் என்று சன்னமாகக் கேட்கிறது. சப்ளை எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும்) வகை, அதை ஓட்டும் ஐசி யூசி3842. நான் டிப்ளமோ மாணவன், வீட்டிலேயே பார்க்கலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: தம்பி, பார்க்கலாம், ஆனால் இதில் முதல் பாடம் கை பத்திரம். 230 ஏசியை நேரடியாக ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. கிளம்பாத எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வோல்டேஜைப் பிடித்துவைத்திருக்கும் கெப்பாசிட்டரை இறக்க லோடே கிடையாது, பிளக் பிடுங்கிய பிறகும் வெகுநேரம் அடிக்கக் காத்திருக்கும். 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த பிடியோடு பத்து நொடி வைத்து இறக்கு, பிறகு மீட்டரால் அளந்து பார், அப்புறம்தான் விரல். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வீரம் இல்லை. பிரைமரி (லைனோடு சேர்ந்த) பக்கம் ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை மாட்டாதே, மாட்டினால் எர்த் வழியாக பிரிட்ஜ் டயோடு போகும், ஸ்கோப்பும் சேர்ந்து போகலாம். அதற்காக ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லுவார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதே.

இந்த ஐசி கிளம்ப 16 வோல்ட் வேண்டும், 10க்குக் கீழே போனால் படுத்துவிடும். 325இல் இருந்து ஒரு பெரிய மதிப்பு ரெசிஸ்டர் வழியாகச் சின்ன எலக்ட்ரோலிடிக் ஒன்று மெதுவாக ஏறி 16ஐத் தொட்டதும் ஐசி விழிக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் துணை வைண்டிங் கைகொடுக்கும்வரை அந்தக் கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். வருஷக்கணக்கில் வெந்து காய்ந்ததால் தாங்கவில்லை, விழிக்கிறது, படுக்கிறது, அதுதான் டிக். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் பலவீனம் தெரியாது, கரன்ட் போய் வந்ததும்தான் வெளிப்பட்டது. டிக் சத்தமே இல்லாமல் செத்துக் கிடந்திருந்தால் அந்த ரெசிஸ்டர் திறந்திருக்கிறதா என்று பார்த்திருப்பேன். ஆனால் மாற்றுவதற்கு முன், செகண்டரி டயோடுகளை பவர் இல்லாமல் அளந்துவிடு. அங்கே ஒன்று ஷார்ட் என்றாலும் இதே டிக்தான் கேட்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது வரிசையில் 100 வாட் குண்டு பல்பு போட்டுக்கொள், எல்இடி பல்பு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். டிம்மர்ஸ்டாட்டில் (ஏசி வோல்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக ஏற்றுவது லீனியர் சப்ளைக்கு நல்ல பழக்கம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அவ்வளவாகப் பயன்படாது, குறைந்த வோல்டேஜில் அது கிளம்பாது, கிளம்பினாலும் கரன்டை அதிகம் இழுக்கும். டிம்மர்ஸ்டாட் லைனில் இருந்து உன்னைப் பிரிப்பதும் இல்லை, அது வேறு, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேறு.

கேள்வி: எங்கள் ஊரில் மாலையில் மோட்டார்கள் ஓடும்போது 185 வோல்ட், ராத்திரி 250. ஸ்கோப்பின் வோல்டேஜ் செலக்டரை 220இல் வைப்பதா, 240இலா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: வேலை செய்யும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 240இல் வைத்துவிட்டு மாலை 185இல் ஓட்டினால் ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டும். 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போன்ற ஒன்றுக்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிடக் குறைந்தது 2 வோல்ட் கூடுதலாக வேண்டும், அது கிடைக்காதபோது கோட்டில் 100 ஹெர்ட்ஸ் அலை ஏறும், நீங்கள் கெப்பாசிட்டர் போச்சு என்று மாற்ற ஆரம்பிப்பீர்கள். 220இல் வைத்து ராத்திரி 250இல் விட்டால் சூடு. ஒரு ஸ்டெபிலைசர் போட்டு 240இல் நிறுத்துவதே என் யோசனை. நியூட்ரல் அறுந்தால் மட்டும் எதுவும் காப்பாற்றாது, ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் 400ஐ நோக்கி ஏறிவிடும். அப்போது எம்ஓவி (அதிக வோல்டேஜ் வந்தால் உறிஞ்சும் பாகம்) ஷார்ட் ஆகி ஃபியூஸைக் கொண்டுபோயிருந்தால் நன்றி சொல்லிவிட்டு இரண்டையும் மாற்றுங்கள், ஃபியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றாதீர்கள்.

கேள்வி: பாகங்கள் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா, பெங்களூரு எஸ்பி ரோடா?
(வாசகர், பர்கூர்)

பதில்: உங்களுக்கு எஸ்பி ரோடுதான் பக்கம், பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். எங்கே வாங்கினாலும் மீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். போலி 2என்3055 இரண்டு இடத்திலும் உண்டு, வெளியே அதே உடம்பு, உள்ளே சில்லு மட்டும் சின்னது, 1 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் போய்விடும். எலக்ட்ரோலிடிக்கில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள், காலில் பளபளப்பு இல்லாமல் கருத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரான்சிஸ்டரில் முதலில் இரண்டு மட்டும் வாங்கி, பல்பு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே கடையில் மீதியை வாங்குங்கள்.